எஞ்சின் சூடானதும் வண்டி நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தால் ஒழுங்காக ஓடுகிறது

மூடோன் பால்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 58. மூடோனுக்குப் பக்கத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே 12 மாடுகள் வைத்திருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்கு இரண்டு கேன்களில் 30 வீசைப் பாலை ஏற்றிக்கொண்டு மோல்மீன் போவது என் தொழில். வீசை என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விழிப்பார்கள். பர்மாவில் நாங்கள் இன்னும் வீசையை விடவில்லை. ஒரு வீசை 1.63 கிலோ. ஆக, என்னைச் சேர்க்காமல் வண்டியின் முதுகில் ஏறக்குறைய 49 கிலோ, கேனின் எடை தனி.

வண்டி, தாய்லாந்து வண்டியைப் பார்த்துச் சீனாவில் செய்த 110 சி.சி. மோட்டார் சைக்கிள். ஏழு வருடமாக ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்திலிருந்து பிடித்தது சனி.

காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. முதல் எட்டு ஒன்பது மைல் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு எங்கேயாவது வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் தள்ளாடுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் தப்பிக்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. நின்ற பிறகு எத்தனை உதைத்தாலும் பலன் இல்லை. இருபது, இருபத்தைந்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி ஒரே உதை. காலிக் கேன்களோடு திரும்பும்போது மட்டும் பதினாலு மைல்வரை தாங்குகிறது.

பெரும்பாலும் நிற்கும் இடம் வின் செய்ன் தோயா திருப்பம். 180 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறாரே, அந்த இடம். போகிற வழியில் துறவிச் சிலைகள் வரிசையாக நிற்கும். அத்தனை பேரும் திருவோட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பார்க்க, நான் பாலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

மெக்கானிக்கிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன், நாலு தடவை. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சனியன் ஆறிவிடுகிறது. மெக்கானிக் ஸயா ஒரு உதை உதைக்கிறார், உடனே பிடித்துக்கொள்கிறது. “ஊலே (மாமா), வண்டி நன்றாகத்தானே இருக்கிறது” என்கிறார். கடையில் இருக்கிற பையன்கள் சிரிக்கிறார்கள். பல் வலிக்காரன் வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

இதுவரை மாற்றியவை: பிளக் இரண்டு முறை, காற்று வடிகட்டி, பெட்ரோல் குழாய், இக்னிஷன் காயில். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. திஞ்ஜானுக்கு முன்புதான் ஆயில் மாற்றி, டாப்பெட் சத்தத்தையும் சரிசெய்து வாங்கினேன். இப்போது என் மாடு அசைபோடும் சத்தம்கூட எஞ்சின் சத்தத்தைவிடக் கூடுதல். அவ்வளவு சுத்தமாக இருக்கிற எஞ்சின் ஏன் இப்படிச் செய்கிறது? சித்திரை வெயில். பால் காத்திருக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பா-ஆன் தம்பி:

ஐயா, பெட்ரோல் டாங்கி மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று போக ஒரு நுண்ணிய துவாரம் இருக்கும். அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்றில்லாமல் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காது. கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நிற்கும். சும்மா விட்டால் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய் மறுபடி ஓடும். நீங்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது. நின்றவுடன் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான் நோய்.

அது இல்லையென்றால், மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோவுக்குள் இருந்து, பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்லும் பிக்கப் காயில். என் அண்ணன் வண்டியில் அதுதான் போயிருந்தது. உள்ளே மயிரிழைக் கம்பி எங்கோ முறிந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகிவிடும். பொறி வராது. ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

மூடோன் பால்காரன்:

தம்பி, நன்றி. இந்த வண்டியில் டாங்கி சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்க வேண்டும் என்றால் கேன் இரண்டையும் அவிழ்த்து இறக்க வேண்டும். இன்று காலை அதையும் செய்தேன். மூடியைத் திறந்தேன். உஸ்ஸும் இல்லை, புஸ்ஸும் இல்லை. திறந்து வைத்தபடியே உதைத்தேன், எழும்பவில்லை. ஒரே லாபம், ரோட்டோரத்தில் கேனை இறக்கியதைப் பார்த்து நான் அங்கேயே வியாபாரம் தொடங்கிவிட்டதாக நினைத்து இரண்டு வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். முக்கால் வீசை விற்றது.

பிக்கப் காயில் வாங்கி மாட்டிவிடவா?

தட்டோன் உதிரிபாகக் கடை:

அண்ணா, வாங்காதீர்கள். நான் விற்கிறவள், எனக்கே நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஏற்கெனவே ஐந்து பொருள் மாற்றிவிட்டீர்கள், ஒன்றைக்கூடச் சோதித்து மாற்றவில்லை. தினமும் கடைக்கு இப்படிப் பத்துப் பேர் வருகிறார்கள். “பக்கத்து வீட்டு வண்டிக்கு இதுதான் மாற்றினார்கள், எனக்கும் கொடுங்கள்” என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கி விழுங்குவார்களா?

சூட்டில் நிற்கும் வண்டியை, நின்ற இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு அது சொல்வதெல்லாம் பொய். மெக்கானிக் கடையில் அது நல்ல பிள்ளையாக நிற்பதற்குக் காரணமும் அதுதான். ஆகவே சோதனை நடக்க வேண்டிய இடம் உங்கள் புத்தர் திருப்பம், செய்ய வேண்டியவர் நீங்கள்.

முதலில் பொறி. சூடான எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றாதீர்கள். அலுமினியத் தலை, மரை போய்விட்டால் அதற்கு வேறு தண்டம். பழைய நல்ல பிளக் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். இரண்டு முறை மாற்றினீர்களே, கழற்றியதைத் தூக்கிப்போட்டிருக்க மாட்டீர்கள். வண்டி நின்றதும் பிளக் மூடியை மட்டும் உருவி, கையில் இருக்கும் பிளக்கில் செருகி, அதன் இரும்பு உடம்பை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்து உதையுங்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் பிக்கப் காயில், பொறியை மூட்டிவிடும் சி.டி.ஐ. பெட்டி, இக்னிஷன் காயில் மூன்றும் தப்பித்தன. மஞ்சளாக மங்கலாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ தம்பி சொன்ன வழியில் போகலாம். உலோகப் பகுதியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், கையைத் தூக்கி அடிக்கும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

பொறி பார்த்து முடித்த பிறகு பெட்ரோல். கார்புரேட்டர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு சீசாவில் பிடியுங்கள். நிற்காமல் ஒழுகினால் பெட்ரோல் வருகிறது என்று பொருள். சீசாவைக் கொஞ்சம் அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். நீங்கள் ரோட்டோரத்தில் சீசாப் பெட்ரோல் வாங்குகிறவரா?

இன்னொன்று, சோக் முழுவதும் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். காலையில் இழுத்துவிட்டு மறக்கிறவர்கள் ஏராளம். எஞ்சின் சூடானதும் பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டும். கழற்றிய பிளக் கரிப்பிடித்துக் கறுப்பாக இருந்ததா, காய்ந்து வெளுத்திருந்ததா?

யாங்கோன் பழைய கைகள்:

யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துவிட்டான் என்று சிரிக்காதீர்கள். இங்கே 2003லிருந்து நகரத்தின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதற்கு முன்பும் பின்பும் இருபது வருடம் மோல்மீனில் மெக்கானிக் கடை வைத்திருந்தவன் நான். சல்வீன் பாலம் 2005இல் திறப்பதற்கு முன்னால், மொத்தமாவிலிருந்து படகில் ஏற்றி வந்த வண்டிகளையெல்லாம் பார்த்திருக்கிறேன். இப்போது பேரன் வீட்டில் சும்மா இருக்கிறேன்.

தட்டோன் அம்மா சொன்ன இரண்டு சோதனையும் சரி. ஆனால் பால்கார ஐயாவின் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. “டாப்பெட் சத்தத்தைச் சரிசெய்து வாங்கினேன், இப்போது சத்தமே இல்லை.” திஞ்ஜானுக்கு முன்பு அந்த வேலை, திஞ்ஜான் முடிந்த வாரம் நோய். ஐயா, சத்தமே இல்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எஞ்சின் தலையில் காற்றை உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் திறந்து மூடும் கதவுதான் வால்வு. அதன் காம்புக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். ‘டிக் டிக்’ என்று டாப்பெட் சத்தம் கேட்கிறதே, அது அந்த இடைவெளியின் குரல். எஞ்சின் சூடானால் வால்வு நீளும். புகையை வெளியே விடும் எக்சாஸ்ட் வால்வு எரிந்த புகையிலேயே குளிக்கிறது, அது கூடுதலாக நீளும். நீள்வதற்கு இடம் இல்லாவிட்டால் ராக்கரில் முட்டி, தன் இருக்கையில் முழுதாக உட்கார முடியாமல் சற்றுத் திறந்தபடியே நிற்கும். அழுத்தம் அந்த வழியாகக் கசிந்துபோகும்.

வேகமாக ஓடும்போது கசிய நேரம் இல்லாததால் வண்டி சமாளிக்கும். மெதுவாகச் சுற்றும்போது சுற்றுக்குச் சுற்று கசிந்து நின்றுவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் தப்பிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாரம் ஏற்றினால் சூடு சீக்கிரம் ஏறும். அதனால் போகும்போது எட்டு மைல், காலியாக வரும்போது பதினாலு.

எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பது அந்த இருக்கையைத் தொடும்போதுதான். இருக்கையைத் தொடாவிட்டால் சூடு இறங்காது, இறங்காவிட்டால் இன்னும் நீளும், இன்னும் விலகும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகும். பிறகு தலையையே கழற்ற வேண்டும். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

ஒரே ஒரு சோதனை சொல்கிறேன், கருவி எதுவும் வேண்டாம். காலையில் புறப்படும் முன், சாவியைப் போடாமல், கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் கெட்டியாகத் தடுக்கும். அந்தத் தடுப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் அதே மாதிரி அமுக்குங்கள். என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள்.

பா-ஆன் தம்பி:

பெரியவரே, அழுத்தம் குறைகிறது என்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாமே?

யாங்கோன் பழைய கைகள்:

இருக்கலாம் தம்பி. ஆனால் வளையம் தேய்ந்த வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், காலையில் குளிர்ந்திருக்கும்போது கிளம்பவே அடம்பிடிக்கும். இவருடையது காலையில் ஒரே உதை. வளையம் இருபது நிமிடத்தில் தேய்ந்து, இருபது நிமிடத்தில் வளராது.

மூடோன் பால்காரன்:

மூன்று நாளாக எழுத முடியவில்லை. ஒரு மாடு கன்று போட்டது, கிடாரி.

சோதனை செய்தேன். அம்மா சொன்னபடி பழைய பிளக்கைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். திருப்பத்துக்குச் சற்று முன்னால் நின்றது. விடிந்தும் விடியாத நேரமாதலால் பொறி நன்றாகத் தெரிந்தது. நீலம்தான், ‘சட் சட்’ என்று வந்தது. ஒரு தடவை என் விரலிலும் வந்தது. பெட்ரோல் ஒழுகியது, சீசாவில் தண்ணீர் இல்லை. நான் பங்க்கில் 92 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன், சீசாப் பெட்ரோல் வாங்குவதில்லை. சோக் திறந்துதான் இருந்தது. பழைய பிளக் கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை, காப்பிப்பொடி நிறம்.

அதன் பிறகு கிக்கர். பெரியவரே, என்ன சொல்வது? காலையில் வீட்டில் அமுக்கியபோது கை நோகத் தடுத்தது. அங்கே அமுக்கினால், காய்ச்சிய பாலின் ஆடையில் விரலை வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. எங்கேயும் பிடிப்பே இல்லை. அரை மணி கழித்து அமுக்கினேன், தடுப்பு திரும்பி வந்திருந்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸயா மேல் பழி போட வேண்டாம். “கொஞ்சம் சத்தம் இருக்கட்டும் ஊலே” என்று அன்றைக்கே அவர் சொன்னார். நான்தான் பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லி முடுக்க வைத்தேன். சத்தம் போடுகிற வண்டி என்றால் எனக்குக் காலையில் வெட்கமாக இருக்கும்.

யாங்கோன் பழைய கைகள்:

நினைத்தேன். கடைக்கு வந்த பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள்.

இதை நீங்களே செய்யலாம். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியாக இருந்தால் நல்லது. இடைவெளியின் அளவு எப்போதும் குளிர்ந்த எஞ்சினுக்குச் சொல்வது. இந்த மாதிரிச் சீன 110களுக்கு 0.05 மில்லிமீட்டர் வழக்கம். வண்டியோடு வந்த கையேடு கிடைத்தால் அதில் போட்டிருப்பதே கணக்கு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜ் ஒன்று கடன் வாங்குங்கள். சிலர் எழுதும் தாளைச் செருகிப் பார்ப்பார்கள். சாதாரணத் தாளே 0.1 மில்லிமீட்டர் இருக்கும், அது கணக்குக்கு ஆகாது.

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் சுலபமாகச் சுற்றும். இடப்பக்க மூடியில் நடுவே ஒரு பெரிய வட்ட மூடி, அதற்கு மேலே ஒரு சிறியது. இரண்டையும் திறந்து, நடு நட்டில் ஸ்பானரை வைத்துக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றுங்கள். சிறிய சன்னலில், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் ‘டி’ (T) எழுத்துக் கோடு வந்து குறிக்கு நேராக நிற்க வேண்டும். பக்கத்தில் ‘எஃப்’ (F) என்றும் ஒன்று வரும், அதில் ஏமாறாதீர்கள். இப்போது எஞ்சின் தலையில் மேலும் கீழும் உள்ள வால்வு மூடிகளைத் திறங்கள். மேலே காற்றை உள்ளே விடும் இன்லெட், கீழே எக்சாஸ்ட். கீழ் மூடியைத் திறந்தால் கொஞ்சம் ஆயில் கொட்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஒழுங்கான வண்டியில் இந்த நிலையில் இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் இம்மியளவு ஆட வேண்டும். ஒன்று ஆடி ஒன்று கெட்டியாக இருந்தால், இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றி ‘டி’க்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். அப்போதும் கெட்டியாகவே இருந்தால் நம் குற்றவாளி அதுதான். மற்றது ஆடிய அந்த ‘டி’ நிலைக்கே திரும்பக் கொண்டுவந்து வேலையைத் தொடங்குங்கள்.

லாக் நட்டைத் தளர்த்தி, நடுவில் இருக்கும் சதுரத் தலைத் திருகைக் கொஞ்சம் வெளியே எடுத்து, 0.05 தகட்டைச் செருகி, தகடு லேசாக இழுபட்டு வரும் அளவுக்குத் திருகை வையுங்கள். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே திரும்பும், அதைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பாருங்கள். முதல் தடவையில் யாருக்கும் சரியாக வராது. எனக்கும் வந்ததில்லை.

மூடோன் பால்காரன்:

ஃபீலர் கேஜ், ரப்பர்த் தோட்டத்தில் இயந்திரம் பார்க்கும் மோன் இன நண்பர் ஒருவரிடம் இருந்தது. அவரும் கூட வந்து உட்கார்ந்தார். பெரியவர் சொன்னபடி ‘டி’க்குக் கொண்டுவந்தோம். நான் முதலில் ‘எஃப்’பில்தான் நிறுத்தினேன், அவர் பார்த்துச் சொன்னார். இன்லெட்டில் 0.04 தகடு போனது. எக்சாஸ்ட்டில் இருப்பதிலேயே மெல்லிய 0.03 தகடுகூட நுழையவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம், அப்போதும் நுழையவில்லை. ராக்கரை ஆட்டினால் ஆடவே இல்லை, ஆணியடித்ததுபோல் இருந்தது.

இன்லெட் ஆடிய நிலைக்கே திரும்பக் கொண்டுவந்து, இரண்டையும் 0.05இல் வைத்தோம். எக்சாஸ்ட்டுக்கு மட்டும் ஐந்து தடவை இறுக்கி அவிழ்த்தோம். மறுநாள் காலை கிளப்பினேன். ‘டிக் டிக்’ திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்காரி உள்ளேயிருந்து, “பழைய வண்டி வந்துவிட்டதே” என்றாள்.

30 வீசையோடு கிளம்பினேன். எட்டாவது மைல் போயிற்று. ஒன்பது, பத்து. புத்தர் திருப்பத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. ஆனால் சும்மா நிற்கும்போது வண்டி தேவைக்கு மேல் இரைகிறது. அது ஏன்? அந்தப் பழைய இக்னிஷன் காயில் நல்லதுதானே, அதைத் திரும்ப மாட்டலாமா?

தட்டோன் உதிரிபாகக் கடை:

இரைவது வேறொன்றுமில்லை அண்ணா. நின்று நின்று போனதால் யாரோ கார்புரேட்டரில் ஐடில் திருகை ஏற்றி வைத்திருப்பார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பழைய காயிலைத் திரும்ப மாட்டுங்கள், புதியது உதிரியாக இருக்கட்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எக்சாஸ்ட் இடைவெளியை மறுபடி அளந்துவிடுங்கள். இடைவெளி தானாகக் குறைந்திருந்தால் வால்வு இருக்கையில் தேய்மானம் இருக்கிறது என்று பொருள், அப்போது தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டிவரும்.

யாங்கோன் பழைய கைகள்:

ஆயிரம் வேண்டாம், ஐந்நூறிலேயே பாருங்கள். மூன்று வாரமாக வால்வு கருக ஓட்டியிருக்கிறீர்கள். கன்றுக்கு என்ன பெயர்?

மூடோன் பால்காரன்:

ஐந்நூறு என்றால் எனக்கு ஒன்பது நாள் ஓட்டம். அளந்து எழுதுகிறேன். ஐடில் திருகை ஒன்றரைச் சுற்றுக் குறைத்தேன், இரைச்சல் அடங்கியது. கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

என்னிடம் முதலில் பால் வாங்கும் தேநீர்க் கடைக்காரர், இத்தனை நாள் நான் தாமதமாக வருவதைக் கணக்கு வைத்தே அடுப்பைப் பற்றவைக்கப் பழகிவிட்டார். இன்று நான் போய்ச் சேர்ந்தபோது கடையே திறக்கவில்லை. படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.